கொடுத்ததற்குக் கணக்கு உண்டு

ரத்தசோகையைத் தடுக்கக் கர்ப்பிணிகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த சத்து மாத்திரை கொடுக்கும் திட்டம் எதுவாக இருந்தாலும் அதன் ஆய்வுக் கூட்டத்தில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: "நாங்கள் கொடுத்துவிட்டோம்; அவர்கள்தான் சாப்பிடுவதில்லை." இருப்புப் பதிவேடுகளையும் மாதாந்திர அறிக்கைகளையும் சரிபார்ப்பது என் வேலையாக இருந்த காலம் முழுவதும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்பவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். பெரும்பாலும் வீடு வீடாக அலைந்து களைத்துப் போனவர்கள். ஆனால் அந்த வாக்கியம் சொல்லப்பட்டதும் கூட்டத்தில் இனம்புரியாத ஒரு நிம்மதி பரவும். பழி அறைக்கு வெளியே, பதில் சொல்ல அங்கே இல்லாத ஒருத்தியின் மீது போய் விழுந்துவிடுகிறது. விழிப்புணர்வை அதிகரிக்க வேண்டும் என்று ஒரு வரி தீர்மானத்தில் சேர்க்கப்படும். அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். அந்த ஒரு வரிக்கு என்ன செலவாகும், அதை யார் செய்வார்கள், எப்படி அளப்பார்கள் என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அந்த வாக்கியத்தின் முற்பாதிதான் என்னை முதலில் உறுத்தியது. கொடுத்துவிட்டோம் என்பது உண்மைதானா என்பது கணக்குப் பார்ப்பவனுக்கு இயல்பாக எழும் கேள்வி. பிற்பாதியில் இருக்கும் சிக்கல் எனக்குப் புலப்பட்டது பல காலம் கழித்து, ஒரு பதிவேட்டின் ஓரத்தில் எழுதப்பட்டிருந்த சிறு குறிப்பைப் படித்தபோதுதான். அந்தக் குறிப்பைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். ஆனால் முற்பாதியைக் கடக்காமல் அதற்கு வர முடியாது.

கொடுத்தோமா?

பெண்கள் மாத்திரையை நிறுத்துவதற்குக் காரணம் குமட்டலும் மலச்சிக்கலும்தான் என்பது இந்தத் துறையில் வேரூன்றிய நம்பிக்கை. மதர்கேர் என்ற திட்டம் எட்டு வளரும் நாடுகளில் பெண்களிடமே சென்று விசாரித்தது. 2002இல் வெளியான அதன் முடிவுகளின்படி, பக்கவிளைவுகளால் மாத்திரையை நிறுத்தியவர்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் மட்டுமே. மிகப் பெரிய தடை போதிய மாத்திரை வந்து சேராததுதான். அதற்கு அடுத்த நிலையில்தான் சரியான ஆலோசனை இல்லாமை, பரிசோதனை மையத்தை எட்டுவதில் உள்ள சிரமம், கர்ப்ப காலத்தில் மருந்து சாப்பிடக் கூடாது என்ற எண்ணம், ரத்தம் மிகுந்துவிடும் அல்லது குழந்தை பெரிதாகிப் பிரசவம் கடினமாகும் என்ற அச்சம் ஆகியவை வந்தன. இந்த முடிவு வெளியாகி இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் நம் கூட்டங்களின் பேச்சு பக்கவிளைவிலேயே நின்றுவிடுவதை என்னவென்று சொல்வது! பக்கவிளைவு என்பது அவள் உடம்பில் நடப்பது. கையிருப்பு தீர்ந்துபோவது நம் கிடங்கில் நடப்பது. எதைப் பேசினால் நமக்குச் சௌகரியம் என்பது தெளிவாகவே இருக்கிறது.

கையிருப்பு தீர்வதற்குப் பெரும்பாலும் ஊழலோ சோம்பலோ காரணமாக இருப்பதில்லை; வெறும் வகுத்தல் கணக்கு போதும். ஒரு மையத்தில் 100 கர்ப்பிணிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மாதம் 30 மாத்திரை என்றால் மாதத் தேவை 3,000, ஆண்டுக்கு 36,000. ஏதோ காரணத்தால் அந்த ஆண்டில் நான்கு மாதங்கள் மாத்திரை வரவில்லை. எட்டு மாதங்களில் கொடுத்தது 24,000. அடுத்த ஆண்டுக்கான தேவையைக் கணிக்கும்போது பழைய விநியோகத்தை எடுத்து 12ஆல் வகுக்கிறார்கள். மாதம் 2,000 என்று வருகிறது. இருப்பு இருந்த எட்டு மாதங்களால் வகுத்திருந்தால் சரியான 3,000 வந்திருக்கும். ஆனால் எத்தனை நாள் அலமாரி காலியாக இருந்தது என்ற கட்டமே பல படிவங்களில் கிடையாது. ஆக, தட்டுப்பாடு அடுத்த ஆண்டின் தட்டுப்பாட்டைத் தானே பெற்றெடுக்கிறது. காகிதத்திலோ அது தேவை குறைந்ததுபோலத் தோற்றமளிக்கிறது. "பார்த்தீர்களா, பெண்களே கேட்பதில்லை" என்று அதற்கும் விளக்கம் வந்துவிடும்.

மாதம் 2,000 மாத்திரையோடு 100 பேரைச் சமாளிக்க வேண்டிய பணியாளர் என்ன செய்வார்? ஆளுக்கு 20 என்று பங்கிடுவார். அல்லது முதலில் வந்தவர்களுக்கு முழுதாகக் கொடுத்துவிட்டு மற்றவர்களை அடுத்த வாரம் வரச் சொல்வார். இரண்டுமே நியாயமான முடிவுகள்தான். ஆனால் பதிவேட்டில் "மாத்திரை வழங்கப்பட்டது" என்ற கட்டத்தில் ஒரு சரிக்குறி மட்டுமே போட முடியும் என்றால் 20ம் 30ம் ஒன்றாகிவிடுகின்றன. பத்து நாள் இடைவெளியில் ஒரு பழக்கம் அறுந்துபோவதற்குத் தாராளமாக நேரம் இருக்கிறது. அடுத்த வாரம் வரச் சொல்லப்பட்டவள் அந்த நாள் கூலியை இழந்து, கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு இன்னொரு முறை வருவாளா என்பதை அவள் இடத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

வந்து சேரும் மாத்திரையின் நிலையும் ஒரு விஷயம். மாத்திரையில் உள்ள இரும்பு உப்பான ஃபெரஸ் சல்ஃபேட் ஈரப்பதத்தைத் தாங்காது. மேற்பூச்சு விரிசல் விட்டால் நிறம் மாறும், துரு வாடை அடிக்கும். காலாவதியாகும் தேதி நெருங்கியதை முதலில் அனுப்ப வேண்டும் என்ற விதி எல்லாக் கிடங்குச் சுவர்களிலும் ஒட்டப்பட்டிருக்கும். ஆனால் முந்தைய சரக்கு உள்ளே ஆழத்தில் அடுக்கப்பட்டிருந்தால் கைக்கு எட்டும் புதிய பெட்டிதான் முதலில் போகும். பிறகு ஒருநாள் பழையது முழுவதும், தேதி முடிய இரண்டு மாதம் இருக்கையில், மையங்களின் தலையில் கொட்டப்படும். நிறம் மாறிய மாத்திரையை ஒரு கர்ப்பிணி தூக்கி எறிந்தால் அதை அறியாமை என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம், நானும் எறிந்திருப்பேன்.

ஓரத்தில் ஒரு குறிப்பு

இனி அந்தக் குறிப்புக்கு வருகிறேன். ஒரு மையத்தின் பேறுகாலப் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தட்டுப்பாடு எதுவும் இல்லாத, ஒழுங்காக நடத்தப்பட்ட மையம் அது. காலி அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி, மீதமிருக்கும் மாத்திரையை எண்ணிக் குறித்துக்கொள்ளும் நல்ல வழக்கமும் அங்கே இருந்தது. ஒரு பெண் பத்தாவது வாரத்திலேயே பதிவு செய்திருக்கிறார். அப்போது ஹீமோகுளோபின் 11.6. அதன்பின் ஒவ்வொரு மாதமும் வந்திருக்கிறார். மீதி மாத்திரைக் கட்டத்தில் ஒவ்வொரு முறையும் பூஜ்யம். 26ஆவது வாரத்தில் ஹீமோகுளோபின் 10.7. அதற்கு நேராக, ஓரத்தில், சிவப்பு மையில்: "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. கண்டித்து அனுப்பப்பட்டது."

ஒரே பக்கத்தில் இரண்டு கட்டங்கள் ஒன்றையொன்று மறுத்தன. அவள் கொண்டுவந்த காலி அட்டைகள் சாப்பிட்டாள் என்றன. பரிசோதித்த ரத்தத் துளியோ, சாப்பிடவில்லை என்றது. பணியாளர் ரத்தத் துளியை நம்பினார். ஏன் என்று கேட்டபோது அவருக்கு என் கேள்வியே விசித்திரமாகப் பட்டது. "சாப்பிட்டிருந்தால் ஏறியிருக்குமே?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு அளிக்கப்பட்ட பயிற்சி அப்படித்தான் சொல்லியிருந்தது. மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் ஊறும், எண் ஏறும், ஏறாவிட்டால் சாப்பிடவில்லை. சுவரொட்டிகளும் அதைத்தான் சொல்கின்றன.

உண்மையில் கர்ப்பத்தில் நடப்பது வேறு. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் வரை பெருகுகிறது. சிவப்பணுக்களும் பெருகுகின்றன, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. ஆகவே மொத்தத்தில் ஒரு பெண்ணின் உடலில் ரத்தம் கூடியிருக்கும்போதே அதன் ஒரு டெசிலிட்டரில் உள்ள ஹீமோகுளோபின் குறைகிறது. இந்த இறக்கம் இரண்டாவது மும்மாதத்தில் மிகவும் ஆழமாக இருக்கும். ஆரோக்கியமான கர்ப்பத்தின் இயல்பே அதுதான். உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ரத்தசோகைக்கான எல்லையை முதல், மூன்றாம் மும்மாதங்களுக்கு 11 கிராம் என்றும் இரண்டாம் மும்மாதத்துக்கு 10.5 கிராம் என்றும் தனித்தனியே வகுத்ததற்குக் காரணம் இதுவே. அந்த அளவுகோலின்படி 26ஆவது வாரத்தில் 10.7 என்பது ரத்தசோகையே அல்ல. மாத்திரை இல்லாமல் இருந்திருந்தால் அவளுடைய எண் இன்னும் கீழே போயிருக்கக்கூடும். ஆனால் நிகழாத வீழ்ச்சியைக் குறிக்க எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை.

இத்தோடு அளவீட்டின் தள்ளாட்டத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுக்கும் துளி, சரியாகச் சொட்டாதபோது விரலைப் பிதுக்கினால், திசுநீர் கலந்து நீர்த்துப் போகும். ஒரே பெண்ணுக்கு ஒரே காலையில் இரண்டு விரல்களில் இரண்டு எண்கள் வருவது புதிதல்ல. அதற்கும் மேலாக, ரத்தசோகை எல்லாமே இரும்புப் பற்றாக்குறை அல்ல. ஃபோலேட், பி12 குறைபாடு, மலேரியா, கொக்கிப்புழு, நாள்பட்ட அழற்சி, தலசீமியா போன்ற மரபுவழிக் காரணங்கள் என்று பல இருக்கின்றன. இரும்பு மாத்திரையை ஒன்றுவிடாமல் விழுங்கினாலும் இவற்றில் எதுவும் தீரப்போவதில்லை.

1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரை இங்கே நினைத்துக்கொள்வது பொருத்தம். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகளிடம் பரவலாக இருந்த ஒருவகைக் கடும் ரத்தசோகையை ஆராய வந்தவர் அவர். அந்தப் பெண்களின் உணவையும் வாழ்நிலையையும் நேரில் ஆராய்ந்து, ஈஸ்ட் சாற்றால் அந்த நோய் குணமாவதை 1931இல் வெளியிட்டார். அதில் இருந்த பொருள் என்னவென்று அப்போது யாருக்கும் தெரியாது. வில்ஸ் காரணி என்றே வழங்கினார்கள். 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டபோது அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது. இன்று நாம் இரும்போடு சேர்த்துக் கொடுக்கும் அதே ஃபோலிக் அமிலம். மருந்து வேலை செய்யாதபோது நோயாளியை விட்டுவிட்டு நோயை மறுபடி விசாரித்ததால் கிடைத்தது அது.

அந்தப் பதிவேட்டின் அடுத்த வரிகளையும் பார்த்தேன். கண்டிக்கப்பட்ட பிறகும் அந்தப் பெண் பரிசோதனைக்கு வருவதை நிறுத்தவில்லை. ஆனால் மீதி மாத்திரைக் கட்டம் காலியாகிவிட்டது. அட்டைகளைக் கொண்டுவருவதை நிறுத்தியிருக்கிறாள். நியாயம்தானே? கொண்டுவந்தபோது அவற்றை யாரும் சாட்சியாக ஏற்கவில்லை. எனக்கு உறைத்தது இந்த இடம். திட்டம் பெண்களிடமிருந்து தகவல் கேட்கிறது. தகவல் தனக்குப் பிடிக்காததாக இருந்தால் அவர்களைப் பொய்யர்கள் என்கிறது. இப்படி இரண்டு முறை நடந்தால் போதும், எதைச் சொன்னால் திட்டு விழாது என்பதை அவர்கள் கற்றுக்கொள்வார்கள். அதன்பின் கிடைக்கும் "ஆம், தினமும் சாப்பிடுகிறேன்" என்ற பதிலுக்கு மதிப்பு எதுவும் இல்லை. அந்தப் பதிலை நம்ப முடியவில்லை என்று கூட்டத்தில் நாமே குறைபட்டுக்கொள்வோம்.

இதை ஒரு மூத்த சக ஊழியரிடம் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "உண்மையிலேயே சாப்பிடாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வருவதற்கு முந்தைய நாள் மாத்திரைகளைக் குப்பையில் போட்டுவிட்டுக் காலி அட்டையைக் கொண்டுவருபவர்களையும் பார்த்திருக்கிறேன். எல்லாரையும் நம்பினால் கடுமையான ரத்தசோகை இருப்பவளைத் தவறவிட்டுவிடுவோம்," என்றார். அவர் சொல்வது உண்மை. வாய்மொழியாகச் சொல்லும் கணக்கு மீதி மாத்திரையை எண்ணும் கணக்கைவிட மிகைப்படுவதும், அந்த எண்ணும் கணக்கே ஏமாற்றக்கூடியது என்பதும் ஆய்வாளர்கள் நன்கு அறிந்தவை. ஆனால் அவருடைய வாதத்திலேயே பதிலும் இருப்பதாக எனக்குப் படுகிறது. எண் 7க்குக் கீழே போன ஒருத்திக்குத் தேவைப்படுவது கண்டிப்பு அல்ல, மேல் சிகிச்சை. அவள் மாத்திரை சாப்பிட்டாளா இல்லையா என்ற தீர்ப்புக்காக அது காத்திருக்கக் கூடாது. குப்பையில் போட்டவள் ஏன் போட்டாள் என்பதைத் தெரிந்துகொள்ள விரும்பினால், போட்டதைச் சொல்லத் தயங்காத நிலையில் அவள் இருக்க வேண்டும்.

அந்த ஒரு நிமிடம்

மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது பணியாளருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம், கூட்டம் குறைவாக இருந்தால் இரண்டு. அந்த நேரத்துக்குள் அவர் சொல்லியாக வேண்டியவை என்று பயிற்சிக் கையேடுகள் பட்டியலிடுவதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. வெறும் வயிற்றில் சாப்பிடுங்கள், நன்றாக உட்கிரகிக்கும். குமட்டினால் உணவோடு சாப்பிடுங்கள். தேநீர், காபி முன்னும் பின்னும் வேண்டாம். வைட்டமின் சி உள்ள பழத்தோடு எடுத்தால் நல்லது. கால்சியம் மாத்திரையோடு சேர்க்காதீர்கள், பல மணி நேர இடைவெளி விடுங்கள். குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். ஒவ்வொன்றும் சரியானது, மொத்தமாகச் சேர்த்தால் வேலைக்குப் போகிற, ஏற்கெனவே வாந்தியில் இருக்கிற ஒரு பெண்ணால் கடைப்பிடிக்க முடியாதது. எல்லா விதிகளையும் கடைப்பிடிக்க முடியாதபோது மனிதர்கள் செய்வது ஒன்றுதான்: மொத்தத்தையும் விட்டுவிடுவார்கள்.

ஆகவே, எதைச் சொல்லாமல் விடலாம் என்று முடிவெடுப்பது நிர்வாகத்தின் வேலை. அதைக் களப்பணியாளரின் தலையில் சுமத்தக் கூடாது. என்னைக் கேட்டால் மூன்றைச் சொல்வேன். முதலாவது, மலம் கருப்பாகும், அது இரும்பின் நிறம், பயப்பட வேண்டியதில்லை என்பது. முன்கூட்டியே சொன்னால் இது தகவல். பிறகு சொன்னால் சமாதானம். இரண்டாவது, குமட்டினால் இரவு உணவுக்குப் பிறகு, படுக்கப்போகும் முன் சாப்பிடலாம் என்பது. உட்கிரகிப்பது சற்றுக் குறையும்தான்; ஆனால் வயிற்றுக்குள் போகாத மாத்திரையில் உட்கிரகிக்க எதுவுமே இல்லை. மூன்றாவது, ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகச் சாப்பிட வேண்டாம், வழக்கம்போலத் தொடரலாம் என்பது. இந்த மூன்றாவதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. சில நாள் விடுபட்டதும், இனிமேல் சாப்பிட்டு என்ன பயன் என்று நிறுத்திவிடும் மனநிலைதான் நான் கேள்விப்பட்ட கதைகளில் அடிக்கடி வந்தது. கர்ப்பமில்லாத, இரும்பு குறைந்த பெண்களிடம் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு வேளை மாத்திரை ஹெப்சிடின் என்ற ஹார்மோனை உயர்த்தி மறுநாள் உட்கிரகிப்பைக் குறைக்கிறது என்றும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கிடைக்கும் பங்கு கூடுகிறது என்றும் காட்டியது. கர்ப்பிணிகளுக்கான பரிந்துரை இன்னும் தினசரி என்பதுதான். ஆனால் ஒரு நாள் தவறியதைப் பெருங்குற்றமாகப் பேச வேண்டியதில்லை என்பதற்காவது இது உதவும்.

குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கும் எச்சரிக்கையை நான் விட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். அதை வாயால் சொல்வதைவிட உறையால் செய்வது மேல் என்பதே என் எண்ணம். அமெரிக்காவில் சிறு குழந்தைகளின் நஞ்சு மரணங்களில் இரும்பு மாத்திரை முன்னணியில் இருந்த காலம் ஒன்று உண்டு. 30 மில்லிகிராமும் அதற்கு மேலும் இரும்பு உள்ளவற்றைத் தனித்தனி அறைகள் கொண்ட அட்டையில்தான் தர வேண்டும் என்று 1997இல் அங்கே விதி வந்த பிறகு அந்த மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. உதிரியாகப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் மையங்களை இன்றும் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

கால்சியம் சேரும்போது நிமிடக் கணக்கு இன்னும் மோசமாகிறது. உணவில் கால்சியம் குறைந்த மக்களிடையே ப்ரீ-எக்லாம்ப்சியா என்ற கர்ப்பகால உயர் ரத்த அழுத்தக் கோளாறைத் தடுக்க நாளொன்றுக்கு 1.5 முதல் 2 கிராம் வரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 500 மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுத்தால் குறைந்தது மூன்று வேளை. இரும்போடு ஒட்டாமல் நான்காவது வேளை ஒன்று வேண்டும். ஒரு பெண்ணின் நாளை நான்காக வெட்டிவிட்டு, ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது எந்த ஊர் நியாயம்? இந்தியாவிலும் தான்சானியாவிலும் தலா 11,000 பெண்களைக் கொண்டு நடந்து 2024இல் வெளியான இரண்டு ஆய்வுகள், ப்ரீ-எக்லாம்ப்சியாவைப் பொறுத்தவரை 500 மில்லிகிராம் 1,500 மில்லிகிராமுக்குக் குறைந்ததல்ல என்று காட்டின. மூன்று மாத்திரை ஒன்றாகக் குறைவது விலையிலும் கிடங்கு இடத்திலும் மிச்சம்தான். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது, சொல்ல வேண்டிய வாக்கியங்களில் ஏற்படும் மிச்சம்.

180 என்ற எண்

பல திட்டங்களில் ஒரு கர்ப்ப காலத்துக்கான இலக்கு 180 மாத்திரை. 20ஆவது வாரத்தில் முதன்முறை வருபவளுக்குப் பிரசவத்துக்கு 140 நாள்தான் இருக்கிறது. ஒரு நாள்கூடத் தவறாமல் சாப்பிட்டாலும் அவள் அறிக்கையில் இலக்கை எட்டாதவள். இது தாமதமாகப் பதிவு செய்ததன் கணக்கு. ஆனால் சாப்பிடாமையின் கணக்கில் போய்ச் சேர்கிறது. ஃபோலிக் அமிலத்தின் கதை இதைவிடக் கூர்மையானது. பின்னர் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் கருவின் நரம்புக்குழாய் கருத்தரித்த ஏறத்தாழ 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. அந்த நேரத்தில் பலருக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே உறுதியாகியிருக்காது. நரம்புக்குழாய்க் குறைபாடு உள்ள குழந்தையை ஏற்கெனவே பெற்ற தாய்மாருக்கு, அது மறுபடி ஏற்படுவதை ஃபோலிக் அமிலம் 72 சதவீதம் தடுக்கிறது என்று 1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு காட்டியது. அவர்கள் கருத்தரிக்கும் முன்பே தொடங்கியவர்கள். பேறுகால மையத்தில் மூன்றாவது மாதம் கொடுக்கும் ஃபோலிக் அமிலம் ரத்தத்துக்கு உதவும், நரம்புக்குழாய்க்கு உதவாது. இரண்டையும் ஒரே சுவரொட்டியில் எழுதி வைப்பதை எப்போதாவது நிறுத்த வேண்டும்.

பல நுண்சத்துகள் சேர்ந்த மாத்திரை இப்போது பேசுபொருளாக இருக்கிறது. 1999இல் யுனிசெஃபும் ஐ.நா. பல்கலைக்கழகமும் உலக சுகாதார நிறுவனமும் வகுத்த கலவையில் 15 வைட்டமின்களும் தாதுக்களும் இருக்கின்றன. 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது சேர்ந்தது. வெறும் இரும்பு, ஃபோலிக் அமிலத்தோடு ஒப்பிட்டால் எடை குறைந்த குழந்தை பிறப்பதை ஏறத்தாழ 12 சதவீதம் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரன் அமைப்பின் 2019ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு சொல்கிறது. அதில் இரும்பு 30 மில்லிகிராம்தான், ரத்தசோகை மிகுந்த இடங்களில் வழக்கமான இரும்பு மாத்திரையில் உள்ள 60 மில்லிகிராமை விட்டுக்கொடுக்கலாமா என்ற வாதம் நடக்கிறது. வாதம் நடக்கட்டும். என் கவலை அதன் குப்பியைப் பற்றியது. 180 மாத்திரை கொண்ட ஒரே குப்பியாக அது வருகிறது. முழுதாக ஒரே தடவையில் கொடுத்துவிட்டால் மாதாமாதம் தட்டுப்பாட்டில் சிக்க வேண்டியதில்லை. பெண்ணுக்கு அது பெரிய விடுதலை. நிர்வாகிகள் இதை எதிர்க்கும்போது, மாத்திரைக்காகத்தான் பரிசோதனைக்கு வருகிறார்கள், மொத்தமாகக் கொடுத்துவிட்டால் வரமாட்டார்கள் என்கிறார்கள். பரிசோதனைக்கு வரத் தகுந்த காரணத்தைப் பரிசோதனையாலேயே கொடுக்க முடியவில்லை என்றால் மாத்திரையைப் பிணையாகப் பிடித்து வைப்பது அதற்குத் தீர்வாகாது.

வீட்டுக்குள் போகும் பொட்டலம்

மாத்திரையை யாரும் பங்கு கேட்பதில்லை. ஊட்டச்சத்துப் பொட்டலத்தைக் கேட்பார்கள். ஆற்றலும் புரதமும் சமநிலையில் உள்ள கூடுதல் உணவு ஊட்டக்குறைவான கர்ப்பிணிகளுக்குப் பயன் தரும் என்பதில் சந்தேகம் இல்லை. காம்பியாவில் நிலக்கடலை பிஸ்கட்டாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கலோரி கொடுத்து நடந்த ஆய்வு, 1997இல் வெளியான முடிவுகளில், பிறப்பு எடை சராசரியாக 136 கிராம் கூடியதாகக் காட்டியது. அறுவடைக் காலத்தில் 94 கிராம். பசிக்காலத்தில் 201 கிராம். அதே பிஸ்கட், அதே அளவு, ஆனால் வீட்டில் உணவு இல்லாத மாதங்களில் இரு மடங்குக்கு மேல் பயன். ஆண்டு முழுவதும் ஒரே அளவாக ஒதுக்கும் திட்டங்கள் பசிக்காலத்தை மட்டுமாவது முன்கூட்டியே கணக்கில் எடுத்தால் நல்லது. பெரும்பாலும் வழங்கல் தடைபடுவதே அந்த மாதங்களில்தான்.

பொட்டலம் வீட்டில் பங்கு போடப்படுவதைத் திட்ட மொழியில் கசிவு என்கிறோம். பசித்த பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்து தனக்கென்று கொடுக்கப்பட்டதைத் தான் மட்டும் சாப்பிடும் தாயை எதிர்பார்ப்பதுதான் விசித்திரம். வேண்டுமானால் பங்கையும் சேர்த்து ஒதுக்குங்கள். இல்லையென்றால் மையத்திலேயே சாப்பிட வையுங்கள். இரண்டுக்கும் பணம் இல்லை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கட்டங்களைப் பற்றி

நாங்கள் கடைசியில் பதிவேட்டில் செய்த மாற்றம் சிறியது. ஹீமோகுளோபின் கட்டத்தையும் மாத்திரைக் கட்டத்தையும் தனித்தனிப் பக்கங்களுக்கு மாற்றினோம். ஒன்றைப் பார்த்து மற்றொன்றைத் திருத்தும் வசதி போய்விட்டது. "சாப்பிடுகிறாரா: ஆம் / இல்லை" என்பதை எடுத்துவிட்டு, "போன மாதம் எத்தனை நாள் விடுபட்டது, என்ன காரணம்" என்று வைத்தோம், எல்லாருக்கும் சில நாள் விடுபடும் என்பதைக் கேள்வியே ஒப்புக்கொள்வதால் பதில் சொல்வது எளிதாகிறது. மையத்தில் கையிருப்பு இல்லாத நாள்களின் எண்ணிக்கை மாத அறிக்கையின் முதல் வரிக்கு வந்தது. மும்மாத வாரியான எல்லைகளை ஹீமோகுளோபின் பக்கத்தின் தலைப்பிலேயே அச்சடித்தோம்.

முதல் எதிர்ப்பு பணியாளர்களிடமிருந்து வந்தது: காரணத்தை எழுத நேரம் இல்லை. அது சரியான புகார்தான். ஆகவே வேறு சில கட்டங்களை நீக்க வேண்டியிருந்தது. கணவர் பெயரும் முகவரியும் ஒரே பதிவேட்டில் மூன்று இடங்களில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தன. வயிற்றளவு ஒன்று எதற்கென்றே தெரியாமல் இருந்தது. "விழிப்புணர்வு அளிக்கப்பட்டது" என்ற கட்டத்தில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒவ்வொரு மாதமும் சரிக்குறி இருந்தது. மூன்றையும் எடுத்தோம். கடைசியாகச் சொன்னதை நீக்க மட்டும் மேலிடத்தின் ஒப்புதல் எளிதில் கிடைக்கவில்லை.